குனியாத அதலாந்தா

என் பேரு ஹெக்கூபா. டிராய் நகரத்து மகாராணி பேரு. விக்கிறது அவிச்ச கொண்டைக்கடலை. சிரிக்காதீங்க, ஏழைங்களும் அடிமைங்களும் நெருக்கியடிச்சு வாழுற எங்க சுபுரா தெருவுல எல்லாருக்கும் இதே கதிதான். வெந்நீர்க் குளியல் கூடத்துல அடுப்புக்கு விறகு தள்ளுறவன் ஹெக்டர். எதிர் மாடியில இருக்கிற அக்கிலிஸ் கோழி அறுத்தாலே மயங்கி விழுவான். அடிமைச் சந்தையில வியாபாரி வாயில அன்னிக்கு எந்தக் கிரேக்கக் கதை வருதோ, அதுலேர்ந்து ஒரு பேரு நம்ம தலையில விழும். ஆனா நம்மள வாங்குற பெரிய மனுஷங்க குடும்பப் பேரைக் கேளுங்க: மூக்கன், தொந்தியன், கோணக்காலன், மருவன். அதைப் பரம்பரைப் பெருமைன்னு வேற சொல்லிக்குவாங்க. என்ன ஊரோ போங்க!

நான் சொல்ல வந்தது அதலாந்தாவைப் பத்தி. ஓட்டத்துல என்னை ஜெயிக்கிறவனைத்தான் கட்டுவேன்னு நின்னு, ஒருத்தன் உருட்டிவிட்ட தங்கப் பழத்தைப் பொறுக்கக் குனிஞ்சு தோத்தாளே, அந்த அதலாந்தா இல்ல. இவ அப்ரோனியஸ் வீட்டு அடிமை. எஜமானி நோனியாவுக்குத் தலை அலங்காரம் பண்றவ. சின்ன வயசுல வியாபாரி கூடாரத்துலேர்ந்து தப்பி ஓடப் பார்த்தாளாம். பிடிச்சு நாலு சாத்து சாத்திட்டு இந்தப் பேரை வெச்சான். பேருக்கு ஏத்த மாதிரியே கால்ல சக்கரம் கட்டினவ. கடலை வாங்க வந்தாலும் ஒரு கால் என் கடையில, ஒரு கால் தெருவுல. பேசிக்கிட்டே இருப்பா, பாதியில காணாம போயிடுவா.

அந்தக் குளிர்காலம் அவ இன்னும் மோசம். வருவா, கடலையைக் கையில வாங்குவா, திங்காம திருப்பிக் கொட்டுவா.

"என்னடி ஆச்சு உனக்கு? பேய் பிடிச்ச மாதிரி திரியுற?"ன்னு ஒருநாள் கையைப் பிடிச்சு உட்கார வெச்சேன்.

"அக்கா, வருஷப் பிறப்பு சீக்கிரம் வராதா?"

"ஏன், புதுச் சட்டை எடுத்து வெச்சிருக்கியா?"

"விளையாடாதீங்க." என் கையை எடுத்துத் தன் வயித்துமேல வெச்சா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"யாருடி? ஹெக்டரா?"

ஆமான்னு தலையை ஆட்டினா. அடுப்புக்கரி மூஞ்சிக்காரன், காரியக்காரனா இருந்திருக்கான்!

விஷயம் என்னன்னா, வருஷப் பிறப்பன்னிக்கு அவளை விடுதலை பண்றதா எஜமான் வாக்குக் கொடுத்திருந்தார். அதுக்கப்புறம் பிள்ளை பொறந்தா அது சுதந்திரப் பிள்ளை. முன்னாடி பொறந்தா எஜமானோட சொத்து. அவருக்கு வயித்து விஷயம் தெரிஞ்சாலோ, பிரசவம் ஆகட்டும் பார்க்கலாம்னு விடுதலையைத் தள்ளிப் போட்டுடுவார். ஒண்ணுக்கு ரெண்டா கிடைக்கிறதை எவன் விடுவான்? அதனால பெரிய அங்கியைப் போட்டு, இடுப்புக் கச்சையைத் தளர்த்தி, அவ வயித்தை மறைச்சுக்கிட்டுத் திரிஞ்சா. நல்லவேளை, வயிறு எடுப்பாத் தெரியலை. அடிமையை யாரு உத்துப் பார்க்கிறா?

இதுக்கு நடுவுல வந்து சேர்ந்தான் பபீரியஸ். கவிஞனாம். தாடியே சரியா முளைக்காத பய, அப்பன் காசுல காதல் பண்றவன். அவன் காதலிச்சது நோனியாவை. அடுத்தவன் பொண்டாட்டியைப் பாட்டுல பேர் சொல்லிப் பாட முடியுமா? அதுக்குத்தான் இந்த ஊர்க் கவிஞனுங்க ஒரு வழி வெச்சிருக்கானுங்க. கிரேக்கக் கதையிலேர்ந்து ஒரு பேரை எடுத்து அவ மேல போர்த்திடுவானுங்க. ஊரே 'யாருடா அவ'ன்னு மண்டையை உடைச்சுக்கும். இவன் நோனியா அறையில இருந்தப்போ, "அதலாந்தா! கொண்டை ஊசி எங்கடி?"ன்னு அவ கத்தினதைக் கேட்டிருக்கான். ஆகா, நல்ல பேரு, ஓடிப் போற காதலிக்குப் பொருத்தம்னு அதையே எடுத்துக்கிட்டான். அந்தப் பேரோட ஒருத்தி அங்கேயே ஊசியைத் தேடிக்கிட்டு நிக்கிறாளேன்னு அவன் மண்டையில ஏறலை. அவனுக்கு அது கதைப் பேரு. எங்களுக்குக் கூப்பிடுற பேரு.

பாட்டு ஊர் பூரா பரவிடுச்சு. அப்ரோனியஸ் எங்கேயோ விருந்துல கேட்டுட்டு வீட்டுக்கு வந்து, "யாரு இந்த அதலாந்தா?"ன்னு கேட்டிருக்கார். நோனியா கையில கண்ணாடி, பின்னாடி சீப்போட இவ. கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமலே நோனியா சொன்னாளாம், "வேற யாரு? இதோ நிக்கிறாளே. அந்தப் பையன் இவளைப் பார்க்கத்தான் நம்ம வீட்டைச் சுத்துறான்."

மனுஷன் கோபப்படலை. பூரிச்சுப் போயிட்டார்! தன் வீட்டு அடிமையைப் பத்திக் காவியம்! விருந்தாளிங்க வந்தா இவளைக் கூப்பிட்டு நிறுத்தி, "இவதான்"னு காட்டுறதே வேலையாப் போச்சு. இப்படி ஒரு காட்சிப் பொருளை யாராவது விடுதலை பண்ணுவாங்களா? "அடுத்த வருஷம் பார்க்கலாம்"னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டார்.

அன்னிக்கு என் கடையில அவ அழுத அழுகை! ஹெக்டர் மூலையில நின்னுக்கிட்டு, "ஓடிடலாம் அக்கா, ரெண்டு பேரும் ஓடிடலாம்"ன்னான்.

"ஓடு ராசா, ஓடு! பிடிச்சு, ஓடிப் போனவன்னு நெத்தியில எழுத்தாவே சூடு போடுவான், அப்புறம் உங்க பிள்ளை உன் மூஞ்சியிலேயே எழுத்துப் படிக்கும்"னு அவனை அடக்கிட்டு, இவ பக்கம் திரும்பினேன். "நீ உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடி? அந்தப் பாட்டு எஜமானியம்மா மேலதான்னு?"

"அடிமை சொன்னா அப்படியே நம்பிடுவாங்களா? கட்டிப் போட்டு, கையைக் காலை முறுக்கித்தான் சாட்சி கேப்பாங்க, சட்டமே அதுதான். வயித்துல இருக்கிறது தாங்குமா அக்கா?"

நானும் அடிமையா இருந்தவதான்.

வருஷம் பிறந்துச்சு, விடுதலை பிறக்கலை. பிரசவம் நெருங்க நெருங்க அவ நடை வேகமாச்சு. ராவும் பகலும் வீட்டுக்குள்ள அலைஞ்சாளாம். அப்பதான் அப்ரோனியஸுக்கு அந்த யோசனை வந்துச்சு. பெரிய விருந்து, முக்கியமான ஆளுங்க. நடுத் தோட்டத்துல அதலாந்தா கதையை அப்படியே நடத்திக் காட்டணுமாம். இவ ஓடணும். விருந்தாளி போப்பீலியஸ் கூட ஓடிக்கிட்டே தங்க முலாம் பூசின பழங்களை உருட்டணும். இவ குனிஞ்சு பொறுக்கித் தோக்கணும். அந்த போப்பீலியஸுக்குத் தொண்டை வரைக்கும் தொந்தி.

எடுபிடி வேலைக்கு ஆள் வேணும்னு சமையல்காரர் கூப்பிட்டதால நானும் போனேன். போகாம இருக்க முடியுமா? சமையல்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டு எனக்குத் தெரிஞ்ச சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

ஆரம்பிச்சுட்டாங்க. போப்பீலியஸ் புஸ்ஸு புஸ்ஸுன்னு ஓடினார். அதலாந்தா ரெண்டு கையையும் இடுப்புல கொடுத்துக்கிட்டு, ஓட்டமும் நடையுமா முன்னாடி போனா. முதல் பழம் உருண்டுச்சு. தாண்டிப் போயிட்டா. ரெண்டாவது. திரும்பிக்கூடப் பார்க்கலை. மூணாவது நேரா அவ கால்லயே வந்து இடிச்சுச்சு. நின்னுட்டா.

"குனி! குனி!"ன்னு, பெரிய மனுஷங்க வழக்கப்படி படுத்துக்கிட்டுச் சாப்பிட்டவங்க எல்லாம் எழுந்து உட்கார்ந்து கத்துறாங்க. "கதையைக் கெடுக்கிறாளே!"

அப்ரோனியஸ் முகம் செவந்துபோச்சு. "காது கேக்கலையா? குனிஞ்சு எடு!"

குனியப் பார்த்தா. பாதியிலேயே தூணைப் பிடிச்சுக்கிட்டா. வேர்வை ஊத்துது, மூச்சு வாங்குது. அப்புறம் நிமிர்ந்து, எல்லாரும் கேக்கிற மாதிரி சொன்னா:

"குனிய முடியாதுங்க எஜமான். வயித்துல பிள்ளை இருக்கு. எட்டு மாசம்."

அடிப்பாவி, போட்டு உடைச்சுட்டாளே! எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

யாரோ ஒருத்தர் சிரிச்சார். பாட்டுன்னா உயிரை விடுற ஆளு போல. குடிச்சிருந்தார். "எட்டு மாசமா? போன மாசம்தானே பபீரியஸ் புதுசாப் பாடினான்? 'என் இரு கைக்குள் அடங்குது அதலாந்தாவின் இடை'ன்னு! எந்த இடைய்யா அது?"

இன்னொருத்தரும் சிரிக்க வாயைத் திறந்து, பாதியிலேயே மூடிக்கிட்டார். அத்தனை கண்ணும் மெதுவா ஒரே பக்கம் திரும்புச்சு. அங்க நோனியா, மெல்லிசான இடுப்புல பட்டுக் கச்சை கட்டிக்கிட்டு, கையில இருந்த கிண்ணத்தைக் கீழே வைக்கவும் தெரியாம உட்கார்ந்திருந்தா.

அப்ரோனியஸும் பார்த்தார். ஒரு நிமிஷத்துல பத்து வயசு கூடின மாதிரி ஆயிட்டார். பாவமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது.

கையைத் துண்டுல துடைச்சார். எழுந்து நின்னார். "நண்பர்களே, ஓட்டத்துல ஜெயிச்சது இவ. நீங்கெல்லாம் சாட்சி. இந்த நிமிஷத்துலேர்ந்து அதலாந்தா சுதந்திரமானவ." நண்பர்கள் முன்னாடி வாய்விட்டுச் சொன்னா எங்க ஊர்ல அது போதும். அப்புறம் அவ பக்கம் திரும்பாமலே சொன்னார், "போ. இப்பவே போ."

நான் வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன். "என்ன பெரிய மனசுய்யா இவருக்கு!"

சமையல்காரர் என்னை முறைச்சார். "பெரிய மனசாவது, மண்ணாவது! நாளைக்கே விவகாரம் வெளியில வந்தா, அடிமையா இருக்கிறவளை முறுக்கிக் கேப்பாங்க, அவ எல்லாத்தையும் கக்கிடுவா. விடுதலை ஆனவ மேல கை வைக்க முடியாது. பொண்டாட்டி கதை ஊருக்குத் தெரியாம இருக்க, அவர் இவ வாயை அடைக்கிறார். நீ வேற!"

இருந்துட்டுப் போகட்டுமே. எந்தக் காரணத்துக்குத் திறந்தா என்ன, கதவு திறந்துச்சே!

பின்வாசல் வழியா அவளைக் கூட்டிக்கிட்டு வந்தேன். அடுத்த மாசம் பிரசவமும் என் கடையிலதான், கடலை மூட்டைங்களுக்கு நடுவுல. பெண் குழந்தை. மருத்துவச்சி போனதும் ஹெக்டர் கரிக்கையைத் துடைச்சுக்கிட்டு உள்ள வந்தான். பிள்ளையைத் தொடப் பயந்து தூரத்துலயே நின்னான்.

"என்ன பேரு வைக்கலாம்? எந்தக் கதையிலேர்ந்து?"ன்னு அங்கேயிருந்தே கேட்டான்.

"கதைப் பேரே வேண்டாம்"னா அதலாந்தா.

"சரி, வேற என்ன வைக்கிறது?"

"தெரியலையே. அவசரம் என்ன? யாராவது வாங்க வந்து நிக்கிறாங்களா?"

அவ பாட்டுக்குப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கிட்டே இருந்தா. கால்ல சக்கரம் கட்டினவ, சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.