பின்சுவரில் ஒரு பல்பு

மாலையில் எங்கள் அடுக்குமாடியின் தாழ்வார விளக்குகள் எரிந்ததும், வெளிச்சம் ஜன்னல் வழியாக என் அடுப்பின்மேல் விழுகிறது. சுவா சூ காங் கிராமத்தில் நாங்கள் இருந்த பலகை வீடு நினைவுக்கு வருகிறது.

அப்போது மின்சாரம் சாலையோர வீடுகளோடு நின்றுவிட்டது. உள்ளே இருந்த எங்களுக்கு மண்ணெண்ணெய் விளக்குதான். ஒரு நாள் காற்றில் அது அணைந்து, அம்மா இருட்டில் கொதிக்கும் கஞ்சியைக் கையில் கொட்டிக்கொண்டார்.

மறுநாளே சாலையோர முன்வீட்டு சுலைஹா அக்கா தன் பின்சுவரில், எங்கள் அடுப்படியைப் பார்த்து ஒரு பல்பு மாட்டினார்.

"எங்களுக்காக எதுக்குக்கா?" என்று அம்மா கூசினார்.

"உனக்கில்ல லா. மீன்கறில நீ புளி ஊத்துறியா, தண்ணி ஊத்துறியான்னு நான் இங்கிருந்தே பாக்கணும்!"

பல ஆண்டுகள் அந்த வெளிச்சத்தில்தான் சாப்பிட்டோம். எங்களுக்கும் மின்சாரம் வந்த அன்று, அப்பா முதல் பல்பை நடுவீட்டில் மாட்டப் போனார்.

"அங்க வேணாங்க," என்றார் அம்மா. "பின்சுவத்துல மாட்டுங்க. பின்வீட்டுக்கு இன்னும் கரண்டு வரல."