கீரிமலை வெயிலில் சட்டை இல்லாமல்

என் மனைவி வாணி போய் ஓராண்டு. ஆண்டுத் திவசத்துக்காகச் சித்திரையில் கொழும்பிலிருந்து காலை ரயிலில் அவள் ஊரான கொக்குவிலுக்குப் போனேன். அவளும் அவள் தம்பி கஜனும் தோலில் நிறமி இல்லாமல் பிறந்தவர்கள். அவளைத் தோல் புற்றுநோய் கொண்டுபோனது. இப்போது கஜன் மட்டும்தான்.

மறுநாள் கடற்கரையில் கிரியை செய்ய, கஜனோடு கீரிமலைக்கு ஓட்டோ. பதினைந்து கிலோமீற்றருக்குச் சற்று மேல். காத்து நின்று திரும்ப விட நாலாயிரம் ரூபாய்.

சாரதி கண்ணாடியில் கஜனைப் பார்த்தார். “தம்பி லண்டனோ?”

“ஓம் அண்ணை, கொக்குவில் லண்டன்.”

கீரிமலையில் மெல்லிய முகில், குளிர்ந்த கடற்காற்று. புறஊதாக் கதிரை அளக்கும் கருவிகளைத் திருத்துவது என் வேலை. ஒன்று பையில் இருந்தது. காலை பத்துக்கே அளவு, மிகக் கடுமை என்னும் எட்டைத் தாண்டியது. கஜனுக்குக் காட்டினேன்.

“ஏன் அத்தான், ஓசோன் ஓட்டை எங்கடை தலைக்கு மேலையோ?”

“அது தென்துருவத்திலை. இஞ்சை ஓட்டை இல்லை. ஆனா இந்தப் பக்கம் அந்தப் படை இயல்பாவே மெல்லிசு, சித்திரையிலை மத்தியானச் சூரியனும் நேர் மேலை. இன்னும் மெலிஞ்சால் இன்னும் கூட இறங்கும். உன்ரை தோலிலை தடுக்க ஒண்டுமில்லை.”

“அதுக்காகக் கிரியையிலை சட்டையோடை நிக்கவோ? சனம் சிரிக்கும்.”

கழற்றினான். இடது தோளில் புளியங்கொட்டை அளவில் பொருக்குக் கட்டிய புண்.

“எப்ப இருந்து?”

“தைப்பொங்கலுக்கு முந்தி. பை வார் உரசினது.”

வாணியும் முதலில் ஏதோ உரசியது என்றுதான் சொன்னாள்.

சட்டையை எடுத்து அவன் மேல் போட்டேன். உதறினான். “அக்காவுக்கு நான் ஒரே தம்பி!”

“அதுதான் போத்தச் சொல்லுறன்.”

தர்ப்பையோடு காத்திருந்த ஐயர் அலுத்துப்போனார். “கிரியை செய்யிறது புருஷன்தானே? தம்பி போத்திக்கொண்டு நிழலிலை நிக்கட்டும். சண்டையைப் பிறகு பிடியுங்கோ.”

பிண்டத்தை நான் கடலில் கரைத்தேன். அழுகை வரவில்லை. வீட்டில் படையல் காத்திருந்தது. நாங்கள் ஓட்டோவை நேரே ஆசுப்பத்திரிக்கு விட்டோம். கிளினிக் முடியும் நேரம். தாதி ஏசிக்கொண்டே டொக்டரைப் பார்க்கத் துண்டு எழுதினார். புண்ணில் சிறு துணுக்கு வெட்டிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

கீரிமலைக்குப் போகிறவர்கள் விடிந்ததும் போய்விடுங்கள். முகிலையும் காற்றையும் நம்பாதீர்கள். உடம்பு சுடவில்லை என்பதால் கதிர் படவில்லை என்றில்லை. ஆறாத புண் இருந்தால் யாரிடமாவது காட்டுங்கள்.

திரும்பும் பயணச்சீட்டை இரத்துச் செய்துவிட்டேன். முடிவு வரும்வரை கொக்குவில்தான். வெயில் தாழும்வரை கஜனை வெளியே விடுவதில்லை. ஏசுகிறான். ஏசட்டும்.