லுட்விக் மாமாவின் மூடாக்குக் கணக்கு

லுட்விக் மாமா நடுவிரலைப் பாத்திக்குள் குத்துகிறார். மண் காயாமலிருக்கப் போன வருடம் மூடாக்காகப் போட்ட மரப்பட்டை எவ்வளவு மீந்திருக்கிறது என்று பார்க்கிறார். விரல் இரண்டாம் கணுவரை இறங்கினால் "தேவலை" என்பார். முதல் கணுவிலேயே மண் தட்டுப்பட்டால் உதட்டைப் பிதுக்கி, "செடியைப் பட்டினி போட்டிருக்கீங்க" என்பார். பிறகு அந்த விரலை முகர்ந்து பார்ப்பார். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. வேலைக்காலம் முழுவதும் ரயில்வே கேன்டீனில் சமையல்காரராக இருந்தவர். முகராமல் அளவு சொல்ல அவருக்கு வராது.

அளவுநாடாவை நம்பமாட்டார். ரப்பர் செருப்போடு குதிகாலும் நுனியும் ஒட்ட அடிவைத்துப் பாத்தியின் நீளத்தை எடுப்பார். குளிர் விடாத வருடங்களில் பூட்ஸோடு அளப்பார். அந்த வருடங்களில் பாத்திகள் சற்றுச் சுருங்கும். இதைச் சுட்டிக்காட்டினால், "குளிர்ல எல்லாம்தான் சுருங்கும்" என்பார்.

அதற்குமேல் சேர்க்கை தொடங்கும். "மழையில அமுங்கும், அதுக்கு ஒரு பங்கு. காத்துல பறக்கும், அதுக்கு ஒரு பங்கு. கருங்குருவி கிளறிப் போடும், அதுக்கு ஒரு பங்கு. கடைசியில எவனாச்சும் வாளியோட வந்து நிப்பான். இல்லைன்னு அனுப்ப முடியுமா?"

போலந்தில், தோருன் நகரத்தில், ரயில்பாதையை ஒட்டி எங்கள் சங்கத் தோட்டம் இருக்கிறது. ஆளுக்கொரு துண்டு நிலம், ஒரு மரக்கொட்டகை, பக்கத்துத் துண்டுக்காரரோடு ஒரு பகை. ஏப்ரலில் நாங்கள் நான்கு துண்டுக்காரர்கள் சேர்ந்து பைன் மரப்பட்டை லாரியில் வாங்குவோம். லாரி உள்ளே நுழையாது. வாசலிலேயே கொட்டிவிட்டுப் போகும். மாலைக்குள் அள்ளியாக வேண்டும், இல்லாவிட்டால் யாரும் வண்டியை வெளியே எடுக்க முடியாது. சங்கத் தலைவி தனுதாவுக்கு இந்த ஏற்பாடே பிடிக்காது. கடையில் மூட்டையாக வாங்கினால் போதாதா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார். மூட்டை வந்தால் கணக்குப் போட ஆள் வேண்டாம். கேன்டீனை மூடிய பிறகு மாமாவுக்கு மிஞ்சிய ஒரே பதவி அதுதான்.

பதவிக்கு ஓர் எதிர்க்கட்சியும் இருந்தது. என் அப்பா, பெயர் போக்தான். ஓய்வுபெற்ற மெக்கானிக், எதையும் குறைத்தே வாங்குபவர்.

"பதினாறு கன மீட்டர்" என்பார் மாமா.

"ஆறு" என்பார் அப்பா.

"ஆறா? உன் ரோஜாவெல்லாம் ஜட்டியில்லாம நிக்கட்டும்."

"கல்யாணத்துக்கா ஆக்கிப் போடறே? பட்டைடா அது, லுட்விக்."

ஒரு காலைப்பொழுது முழுக்க இது நடக்கும். இருவரும் பேச்சை முறித்துக்கொள்வார்கள். மாலையில் ஊறவைத்த வெள்ளரிக்காயும் பீருமாக உட்காரும்போது எண் ஒன்பதில் வந்து நிற்கும். ஒன்பது வந்து இறங்கும், பாத்திகள் மூடும், வாளியோடு வருகிறவர்களுக்கும் கொஞ்சம் மிஞ்சும். "லுட்விக் கண்ணே கண்ணு" என்று தோட்டமே சொல்லும். அப்பா வெள்ளரிக்காயை மென்றுகொண்டிருப்பார்.

அப்பா பிப்ரவரியில் இறந்தார். பல் வைத்தியரிடம் வரிசையில் காத்திருந்தபோது. நாற்காலியில் தூங்குகிறார் என்று நினைத்து, அவருக்குப் பின்னால் இருந்தவரை முதலில் உள்ளே அனுப்பியிருக்கிறார்கள்.

ஏப்ரலில் மாமா வழக்கம்போல விரலைக் குத்தினார், அடிவைத்தார், முகர்ந்தார். அது வேலைநாள்; நான் பணியிடத்தில் இருந்தேன். சாலை போடுகிற இடங்களில் எவ்வளவு மண் வெட்ட வேண்டும், எவ்வளவு கொட்ட வேண்டும் என்று கணக்கிடுவது என் தொழில். எங்கள் நான்கு துண்டுகளுக்கும் எட்டரை கன மீட்டர் போதும் என்று எனக்குத் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை. மாமா பதினாறு என்றார். மற்ற இரு துண்டுக்காரர்களும் தலையாட்டினார்கள். மாமா சொல்லும் எண்ணோடு சண்டை போடுவது அவர்களுடைய வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை.

சனிக்கிழமை காலை முதல் லாரி கொட்டிவிட்டுப் போனது. இரண்டாவது வந்தபோது மாமாவே கையைக் காட்டிப் பின்னால் வரச் சொன்னார். கொட்டி முடித்ததும் தூசி அடங்கியது. வாசலைக் காணவில்லை.

நண்பகலுக்குள் நான்கு துண்டுகளும் நிரம்பிவிட்டன. குவியலில் பாதி அப்படியே நின்றது. மாமா அதை ஒருமுறை சுற்றிவந்தார். பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்றினார், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் சிறியதாகத் தெரியும் என்பதுபோல.

அவர் மனைவி இரெனா அத்தை மண்வாரியை ஊன்றிக்கொண்டு நின்றார். "ரெண்டாவது பந்திக்கு ரயில் எத்தனை மணிக்கு வருதாம்?"

தனுதா சாவிக்கொத்தோடு வந்தார். அவருடைய கார் குவியலுக்கு உள்பக்கம் நின்றது. "லுட்விக் ஐயா, நாளைக்கு நான் கோயிலுக்கு எப்படிப் போறது? மலையேறியா?"

"சாயங்காலத்துக்குள்ள எடுத்துடறேன்."

"எடுங்க. இதோட லாரியும் போதும், உங்க விரலும் போதும்."

மாமா என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது. கோபப்பட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"பதினாறுன்னு சொன்னேன்" என்றார். "யாரும் குறைக்கலையே, யோலா."

"அவ்வளவு வேணாம்னு உங்களுக்குத் தெரியாதா மாமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? கூடப் போட்டதெல்லாம் அவன் வெட்டறதுக்குப் போட்டது. எவ்வளவு வேணும்னு நான் தனியா ஒருநாளும் பார்த்ததில்லை."

எட்டரைக்கு மேல் வந்தது ஏழரை. கணக்கு எனக்குப் பழக்கமானது. வாசலில் கிடந்த அந்த ஏழரை கன மீட்டரைப் பார்த்தேன். பிறகு மண்வாரியை எடுத்தேன்.

மாமா தள்ளுவண்டியை நிரப்பிக்கொண்டு மற்றவர்களின் துண்டுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனார். கேன்டீன் பழக்கம் கைகொடுத்தது. வேலிக்கு வெளியே நின்று, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க, நல்லா இருக்கும்" என்பார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு வாரி விழுந்திருக்கும். ஸ்ட்ராபெர்ரிப் பாத்திகள் மறைந்தன. நடைபாதைகள் மெத்தையாயின. வேலிக்கு வெளியே புகைபிடித்துக்கொண்டிருந்த தபால்காரர் இரண்டு சாக்கோடு வீட்டுக்குப் போனார். அவருக்குத் தோட்டமே கிடையாது. தனுதாவின் துலிப் பூக்கள் கழுத்துவரை பட்டையில் நின்றன.

"செடி மூச்சு விடணும், ஐயா" என்றார் தனுதா.

"தலை வெளியதானே இருக்கு" என்றார் மாமா.

இருட்டும் முன்பே கார் வெளியே வந்தது. தனுதா கண்ணாடியை இறக்கினார். குரலில் நண்பகலில் இருந்த சூடு இல்லை. அதனால் இன்னும் உறுதியாக இருந்தது. "இனிமே எதை வாங்கினாலும் அளவை இந்தப் பொண்ணு பார்க்கட்டும். எஞ்சினியர். அவ ஒத்துக்கிட்டா லாரி வரட்டும், இல்லைன்னா மூட்டை."

மாமா தலையாட்டினார். கைகூடக் கழுவாமல் வீட்டுக்குப் போனார்.

கோடை முழுவதும் அவர் விரல் எந்தப் பாத்திக்குள்ளும் இறங்கவில்லை. செடிக்குத் தண்ணீர் விடுவார், மாலைக் குளிருக்கு ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்வார், கிளம்பிவிடுவார். இரெனா அத்தை என்னிடம், "சூப்புக்கு உப்பு போடறதுக்கே என்னைக் கேக்கறாரு. நாப்பது வருஷமா என்னை அடுப்பங்கரையில விடாத மனுஷன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லிவிட்டு வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்டோபரில் குதிரைச் சாணம் வாங்க வேண்டும். குளிருக்கு முன் எல்லாப் பாத்திக்கும் அது வேண்டும். எவ்வளவு என்று எனக்குத் தெரியும், கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மாமாவின் துண்டுக்குப் போனேன். அவர் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சாணம் எவ்வளவு சொல்லலாம் மாமா?"

"நீதானே எஞ்சினியர். உன்னைத்தானே கேக்கச் சொன்னா அந்தம்மா."

"என்னை ஒத்துக்கத்தான் சொன்னாங்க. நீங்க சொன்னாத்தானே நான் குறைக்க முடியும்?"

மாமா வாளியைக் கழுவுவதை நிறுத்தவில்லை. கழுவிய வாளியையே மறுபடி கழுவினார். பிறகு தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்.

"பன்னெண்டு."

"நாலு" என்றேன்.

"நாலா?" தலை நிமிர்ந்தது. "நாலு குதிரைக்கு வயித்துவலி வந்தாக்கூட அதைவிட அதிகமா போடும்."

"பாத்திக்குத்தான் கேக்கறேன் மாமா. குதிரைப்படைக்கு இல்லை."

மாமா வாளியிலிருந்த தண்ணீரைக் கொட்டினார். அதைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் சாவகாசமாக உட்கார்ந்தார். இன்னொரு வாளியைக் கவிழ்த்து, காலால் என் பக்கம் தள்ளினார்.