துப்பாக்கிக்குள் போன சந்தனம்

ஆயுத பூசைக்கு எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை, சைக்கிள் இவற்றுக்குத்தான் பொட்டு வைப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஒரு துப்பாக்கிக்கும் வைப்போம். அதற்காகவே பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு நாளைக்கு மரியாதை கூடும்.

துப்பாக்கி பெரியப்பாவுடையது. அவர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். லைசென்ஸ் எடுத்து வாங்கும்போதே அது பழசுதானாம். சின்னத் தோட்டா போடுகிற ரைபிள், 'டூ டூ' என்பார். மக்காச்சோளத்தில் பால் பிடிக்கிற பருவத்தில் காட்டுப்பன்றி இறங்கும். அப்போது வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார், அவ்வளவுதான் அதற்கு வேலை. மற்ற நாளெல்லாம் அவர் அறை பீரோவில் உறைக்குள் தூங்கும். பீரோச் சாவி பெரியம்மாவின் இடுப்பில் இருக்கும். தோட்டா இருக்கிற தகரப் பெட்டியின் சாவி பெரியப்பாவின் அரைஞாணில் இருக்கும்.

எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே வாசலுக்கு எதிரும் புதிருமாக இருந்தன. அடுப்பு இரண்டு, கிணறு ஒன்று, ஆயுத பூசையும் ஒன்று.

நான் ஐந்தாவது படித்த வருஷம் அது. அப்பா துப்பாக்கியைத் துடைத்து மனையில் வைத்தார். சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பது என் வேலை. வைத்துக்கொண்டே வரும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. "சாமி வெளிய பூசுற துன்னூறப் பாக்காது, உள்ள என்ன இருக்குன்னுதான் பாக்கும்" என்று அம்மா தினமும் சொல்வார். கடப்பாரைக்கு உள்ளே வெளியே என்று ஒன்றும் கிடையாது. துப்பாக்கிக்கு இருக்கிறதே! எல்லாரும் பூசணிக்காய் உடைக்க வாசலுக்குப் போன நேரத்தில், அதன் மேல்பக்கத்துத் திறப்பு வழியாகச் சந்தனத்தைக் கரைத்து ஊற்றினேன். ஒரு சிட்டிகை குங்குமமும் போட்டேன். விளக்கில் இருந்த நல்லெண்ணெயையும் ஒரு கரண்டி விட்டேன். துப்பாக்கி மறுக்காமல் எல்லாவற்றையும் குடித்துக்கொண்டது. வழிந்ததைப் பாவாடையால் துடைத்துவிட்டேன். பெரிய புண்ணியம் செய்துவிட்ட நிறைவோடு பொரியும் கடலையும் தின்றேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து மோட்டார் போடுவார்கள். அப்பா முறையன்று பகல் முழுக்கக் கரண்டு வரவில்லை. மறுநாள் விடியலில் வந்ததும் அப்பா ஓடிப்போய்ப் போட்டுவிட்டார். அது பெரியப்பா முறை.

"எம் முறையில மோட்டாரப் போட உனக்கு எவன்டா அதிகாரம் குடுத்தான்?"

"கரண்டுக்காரன் எம் முறைய முழுங்கிட்டான். பயிரு காயுது, நான் பாத்துகிட்டு பஜனையா பாடுறது?"

"பாடுடா. ஒனக்குத்தான் வாய் நல்லா வருமே."

அதோடு முடிந்திருந்தால் அது வருஷா வருஷம் வருகிற சண்டைதான். அப்பா விடவில்லை, பங்குப் பிரிவினைக் காலத்துக் கதை ஒன்றை எடுத்தார். பெரியப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "எங்கிட்ட என்ன இருக்குன்னு மறந்துட்டுப் பேசாத. ஒரு வெடிதான்" என்று சொல்லிவிட்டார்.

கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்த அம்மாவும் பெரியம்மாவும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். இரண்டு பேர் கையிலும் துணி அப்படியே நின்றது. பெரியப்பா விறுவிறுவென்று போய்விட்டார். மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. பெரியம்மா வாசல் தெளித்தால் பாதி வாசல்தான் தெளிப்பார், மீதிப் பாதியை அம்மா தெளிப்பார். நடுவில் ஒரு காய்ந்த கோடு விழுந்து கிடக்கும். கோழிகளுக்கு மட்டும் அந்தக் கோடு தெரியவில்லை.

தீபாவளிக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி. ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்டு ஆலையில் ஃபிட்டர். இனிப்பும் வெடியும் கொண்டு வந்தார். வந்ததும் அம்மா என்னை வெற்றிலை பாக்கு வாங்க அனுப்பினார். அன்றைக்கென்று பக்கத்துக் கடை பூட்டிக் கிடந்தது. கீழத்தெரு வரை போய்த் திரும்பினேன். அப்பா வயலில் இருந்தார், பெரியப்பா கறிக்கடைக்குப் போயிருந்தார். எங்கள் சாமி அறையிலிருந்து அம்மாவும் பெரியம்மாவும் சேர்ந்து வெளியே வந்தார்கள். பத்து நாளாய் முகம் பார்க்காதவர்கள்! என்னைப் பார்த்ததும் பெரியம்மா முகத்தைச் சட்டென்று சண்டைக்காரி முகமாக மாற்றிக்கொண்டு, முந்தானையை உதறிவிட்டுப் போனார்.

சாமி அறையில் சிறுவாச்சூர் ஆத்தா படத்துக்குப் பின்னால் புதிதாக ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. வேண்டுதலுக்குக் காசு முடிந்து வைப்பது எங்கள் வழக்கம். தொட்டுப் பார்த்தேன். காசு மாதிரி வட்டமாக இல்லை, நீளமாக இருந்தது. அம்மா என் கையில் ஓர் அடி வைத்தார். "ஆத்தாளுக்கு முடிஞ்சது. இன்னொரு தடவ தொட்ட, கை இருக்காது பாத்துக்க."

கார்த்திகையில் பன்றி இறங்கியது. பொழுது சாய்கிற நேரம் பெரியப்பா துப்பாக்கியோடு சோளக்காட்டுக்குப் போனார். எல்லாரும் வெடிச் சத்தத்துக்குக் காது கொடுத்திருந்தோம். சத்தமே வரவில்லை. பன்றிகள் நிதானமாகத் தின்றுவிட்டுப் போயின என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

மறுநாள் காலை பெரியப்பா வாசலில் நின்று, காய்ந்த கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்துப் பேசினார்.

"உள்ள தோட்டாவக் குத்துற ஊசி அடிக்கல. எவனோ கை வச்சிருக்கான். ஆயுத பூசைக்குத் தொடச்சு வச்சவன் யாரு?"

அப்பா வெளியே வந்தார். "நான் தொடச்சேன். துணியால தொடச்சேன். உன் துப்பாக்கிய நோண்ட எனக்கு வேற வேல இல்ல பாரு."

"அப்ப வெள்ளிக்கிழம அய்யனார் கோயிலுக்கு வா. வந்து கற்பூரத்த அணை."

எங்கள் பக்கம் கற்பூரம் அணைப்பது சாதாரணமில்லை. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால், சத்தியம் கேட்டவனுக்கும் செய்தவனுக்கும் உறவு அதோடு முடிந்தது. அப்புறம் நல்லது கெட்டதுக்குப் படி ஏற மாட்டார்கள், பிணத்துக்குத் தோள் கொடுக்க மாட்டார்கள். "வரேன்" என்றார் அப்பா. பெரியப்பா அப்போதே கடைக்குப் போய்க் கற்பூரப் பொட்டலம் வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

கை வைத்தது யார் என்று உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன். சொன்னால் அடி விழும். சொல்லாவிட்டால் அப்பாவுக்கு அண்ணன் இல்லாமல் போய்விடுவார். சாமி அறைக்குப் போய், "ஆத்தா, நான் ஒனக்குன்னுதான ஊத்துனேன், நீயே எடுத்துரு" என்று அழுதேன். பீரோவுக்குள் புகுந்து சந்தனத்தை உறிஞ்சி எடுப்பது அவளுக்குக் கஷ்டமா என்ன! மஞ்சள் முடிச்சைத் தொட்டும் வேண்டிக்கொண்டேன். கை அழுகினாலும் பரவாயில்லை என்றிருந்தது.

அம்மா பக்கத்து வீட்டுப் போனிலிருந்து தன் தம்பிக்குச் சொல்லி அனுப்பினார். வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து, அரியலூர் பஸ்ஸில் மாமா சாமான் பையோடு வந்து இறங்கினார். நேரே காய்ந்த கோட்டைத் தாண்டிப் போனார்.

"பெரிய மாமா, சத்தியம் எங்கயும் ஓடிடாது. மொதல்ல நோயாளிய நான் ஒரு பார்வ பாத்துடுறேன்."

"சிமெண்டு மிஷினும் இதுவும் ஒண்ணாடா?"

"அது தூசு தின்னுது, இது மருந்து தின்னுது. வவுறு வவுறுதான், மாமா."

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பெரியப்பா தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத் துப்பாக்கியைக் கொடுத்தார். மாமா வெள்ளை வேட்டி ஒன்றை நனைத்து வாசலில் விரித்தார். ஈரத் துணியில் விழுந்த சின்னச் சாமான் துள்ளி ஓடாது, வெள்ளையில் விழுந்தது கண்ணுக்குத் தப்பாது என்பார். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றின வரிசையிலேயே வைத்தார். வேலை செய்யும்போது மாமா பேசவே மாட்டார். அவர் உதடு மட்டும் விசில் அடிக்கிற மாதிரி குவிந்திருக்கும்.

திடீரென்று அந்த உதடு விரிந்தது. ஒரு ஸ்பிரிங்கை எடுத்து மூக்கருகே வைத்தார். "என்ன மாமா இது, கோயில் மாதிரி மணக்குது!" உள்ளே சந்தனம் காய்ந்து பாளம் பாளமாக ஒட்டியிருந்தது. எண்ணெய் பிசினாகியிருந்தது. நடுவில் செக்கச் செவேலென்று குங்குமம்.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். "நாந்தான் ஊத்துனேன், அப்பா ஊத்தல, நாந்தான், சாமிக்குன்னு ஊத்துனேன்" என்று கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாமாதான் முதலில் பேசினார். அவர் குரலில் ஏனோ அவ்வளவு சந்தோஷம். "அப்படிப் போடு! இது ஓரத்துல குத்துற தோட்டா, பெரிய மாமா. ஊசி ஒரு நூல் பிசகினாலும் ஊமதான். சந்தனம் பிடிச்சு இறுகி, நீங்க இழுத்த இழுப்புல முறிஞ்சே போச்சு. இதோ பாருங்க." அவர் விரல் நுனியில் ஒரு சின்னக் கம்பித் துண்டு இருந்தது. "வேற ஊசி திருச்சியிலதான் கிடைக்கும். வர மாசக் கணக்காகும்."

பெரியப்பா அந்தத் துண்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், கடைசியாக அழுகிற என்னைப் பார்த்தார்.

"துப்பாக்கிக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுனியாடி கழுத?" என்றார். மடியிலிருந்த கற்பூரப் பொட்டலத்தை அவிழ்த்து என் மடியில் போட்டார். "போ. உன் ஆத்தா முன்னாடி கொளுத்து. முழுசும் எரிஞ்சு முடியற வரைக்கும் எந்திரிக்கப்படாது."

துப்பாக்கி ஊமையாகிவிட்டதால் அந்த மார்கழி முழுக்க அப்பாவும் பெரியப்பாவும் ஆளுக்கொரு தகர டின்னை எடுத்துக்கொண்டு சேர்ந்துதான் காட்டுக்குப் போனார்கள். முதல் இரண்டு நாள் இரண்டு வரப்பில் நின்று தட்டினார்களாம். மூன்றாம் நாள் பனி தாங்காமல் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து தட்டினார்களாம். திருச்சிக்கு ஊசி வாங்கப் போகிற நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. பிறகு வந்த எலெக்சனுக்கு எல்லாத் துப்பாக்கியையும் ஸ்டேசனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். கொண்டுபோய்க் கொடுத்த பெரியப்பா, அதைத் திரும்ப வாங்கவே போகவில்லை. ஊரில் எனக்குத்தான் 'துப்பாக்கிக்கு எண்ணெ ஊத்துனவ' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, அம்மா அந்த மஞ்சள் முடிச்சை எடுத்தார். ஒரு திங்கட்கிழமை எல்லாரும் சிறுவாச்சூர் போனோம். கோயிலுக்குள் நுழைவதற்கு முன் அம்மா பெரியப்பாவிடம் போய், முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே துருப்பிடித்த ஊசி ஒன்று இருந்தது. தீபாவளியன்று பெரியம்மா சாவி கொடுத்து, மாமா துப்பாக்கியிலிருந்து அவசர அவசரமாகக் கழற்றிய ஊசி.

"மன்னிச்சிடுங்க மாமா. அன்னைக்கி நீங்க சொன்ன சொல்லுல பயந்துட்டோம்" என்றார் அம்மா.

பெரியப்பா சிரித்தார். "ஊசி இருந்து இழுத்தா ஒரு சத்தம், இல்லாம இழுத்தா ஒரு சத்தம். பட்டாளத்துல இருந்தவனுக்கு அது தெரியாதாம்மா? முறிஞ்ச ஊசின்னு உன் தம்பி குடுத்தது கொடக் கம்பி. அதுகூடவா தெரியாது?"

"அப்பறம் ஏன் கேக்கல?"

"கேட்டுட்டு? அந்தச் சொல்ல சொன்ன நாள்லேர்ந்து பன்னி வர்ற வரைக்கும் நானே அதத் தொடல." கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வாய விட்டுட்டேன், கற்பூரமும் வாங்கிட்டேன். எப்படித் திரும்புறதுன்னு தெரியாம நின்னேன். இந்தக் கழுதைதான் வழி விட்டுச்சு."

ஊசி உண்டியலுக்குள் போனது. உண்டியல் எண்ணியவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

இப்போது என் வீட்டில் கற்பூரம் ஏற்றுகிறபோதெல்லாம் அந்த வியாழக்கிழமைதான் நினைவுக்கு வரும். பொட்டலம் முழுவதையும் தட்டில் கொட்டிக் கொளுத்திவிட்டுச் சாமி அறையில் உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா எங்கள் வீட்டுப் படியேறி வந்து நிலைப்படியில் நின்றார். கொஞ்ச நேரத்தில் அப்பாவும் வந்து அவர் பக்கத்தில் நின்றார். கடைசிச் சுடர் தானாக அடங்கும் வரை அவர்கள் அசையவில்லை. நான் பாதியில் எழுந்து ஓடிவிடாமல் இருக்கத்தான் இரண்டு பேரும் காவல் நிற்கிறார்கள் என்று நினைத்து, பயத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.