முதல் லயத்துக் கழிவுத் தண்ணீர்

மலேசியாவில் ஈஜோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பதினெட்டு வருடமாகக் களைமருந்து அடிப்பவள் புனிதவதி. விரல் நகங்களில் மூன்று கறுத்து உதிர்ந்துவிட்டன. எளிதில் யாரையும் நம்புகிற ரகமில்லை அவள். மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டினாலும் மோந்து பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டுவாள்.

தொழிலாளர் வரிசை வீடுகளான முதல் லயத்தில், அப்படிப்பட்டவளின் வாசலுக்குத்தான் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிப் பெண் பிரமிளா குப்பிகளோடு வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, உங்க லயத்துக் கக்கூஸ் தண்ணியெல்லாம் சேர்ற குழியில மூனு திங்கக்கிழமை தண்ணி எடுப்போம். சோப்பு, பிளாஸ்டிக், களைமருந்துன்னு ஒடம்புக்குள்ள போறதெல்லாம் மூத்திரத்துல வரும்லா. அத பார்க்கத்தான்."

"வேற எதையும் பாக்க மாட்டீங்களே?"

"மாட்டோம். எந்த வீட்டுத் தண்ணின்னுகூட எங்களுக்குத் தெரியாது."

அடேயப்பா, என்னமா கதை விடுகிறாள்! மூத்திரம் கேட்டவர்கள் போன வருடமும் வந்தார்கள். அன்றைக்குக் குவளையை நீட்டியது போலீஸ். போதைத்தூள் பழக்கம் என்று அவள் மகன் குமரவேலை வண்டியில் ஏற்றிப் போனார்கள். மறுவாழ்வு மையத்திலிருந்து அவன் திரும்பி மூன்று மாதம்தான் ஆகிறது. இன்னொரு தடவை மாட்டினால் சிறைதான். அவன் வேலை முடிந்து தாமதமாக வரும் நாளெல்லாம் புனிதவதி அவன் சட்டைப்பையைத் துழாவினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததே அவளுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

மூன்று திங்கட்கிழமையும் விடிந்ததும் குழியின் மூடியை நகர்த்தி, இரண்டிரண்டு பாட்டில் பிளீச்சைக் கவிழ்த்தாள். எந்த மெஷின் வந்து என்னத்தைக் கண்டுபிடிக்கிறது என்று பார்த்துவிடலாம்!

இரண்டு மாதம் கழித்து, பகலில் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் கூட்டம். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி நடராஜா அறிக்கையோடு எழுந்தார்.

"மருந்தடிக்கிற பொம்பளைங்க எல்லாம் இருக்கிறது முதல் லயம். அங்க தண்ணியில களைமருந்து துளிகூட இல்ல! அப்புறம் நல்ல கையுறை, முகமூடி, குளிக்கிற எடம்னு மனு எதுக்குலா? மேனேஜர் திருப்பிட்டாரு."

வாரம் தவறாமல் மூக்கில் ரத்தம் வடிக்கிற காளியம்மா பொங்கிவிட்டாள். "அப்ப எம் மூக்குல ஒழுவுறது என்ன, ரோஸ் சிராப்பா?"

பிரமிளாவுக்கும் முகம் வாடிப்போயிருந்தது. "இங்கதான் அதிகமா வரும்னு நெனச்சோம். குழியில யாராவது எதையாவது ஊத்தியிருந்தா சொல்லுங்க. மறுபடியும் எடுத்துப் பார்க்கலாம்."

மனுவில் முதல் கையெழுத்தே புனிதவதியுடையது. வாயைத் திறந்தால் மகன். மூடினால் கூட மருந்தடிக்கிற இந்த எட்டுப் பெண்கள். காளியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

புனிதவதி எழுந்தாள். "நான்தான் பிளீச் ஊத்தினேன்."

"ஐயோ, ஏன் ஆன்ட்டி?"

அவளுடைய பாழாய்ப்போன கண், வாசலோரம் நின்ற மகன் பக்கம் திரும்பிவிட்டது. கொட்டகையில் இருந்த அத்தனை தலையும் கூடவே திரும்பியது.

குமரவேல் அவளிடம் நடந்து வந்தான். குரல் உயரவே இல்லை.

"மாசாமாசம் நானே போதைத் தடுப்பு ஆபீஸுக்குப் போயி மூத்திரம் குடுத்துட்டுத்தான் வரேன்ம்மா. இதுவரைக்கும் எல்லாத் தடவையும் சுத்தம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."