இடுப்பில் கட்டிய தலைப்பாகை

ஐப்பசி மழை ஒருநாள் விட்டிருந்தபோது, பன்னிரண்டு வயது மகளோடு துறைமுகத்துக்கு மேலே இருந்த தெலோக் பிளாங்கா மலைமுகட்டில் நடக்கக் கிளம்பினேன். மேலிருந்து பார்த்தால் கப்பல்களெல்லாம் தெரியும் என்று ஒரு மாதமாக அவள் அரித்தெடுத்திருந்தாள். நாள் முழுதும் நடந்தோம். அவளுக்குக் கப்பல்கள் தெரிந்தன. எனக்குப் பள்ளம்தான் தெரிந்தது. தடம் குறுகிய இடத்தில், ஆபீசுக்குக் கட்டும் என் தலைப்பாகையை அவிழ்த்து ஒரு முனையை அவள் இடுப்பிலும் மறுமுனையை என் இடுப்பிலும் முடிந்தேன்.

“மாட்டைக் கட்டுற மாதிரி இருக்குப்பா!”

“இருக்கட்டும். நீ விழாம இருந்தாப் போதும்.”

புக்கித் தீமா காட்டுப் பக்கம் புலி நடமாடுவதாக அப்போது ஊரெல்லாம் பேச்சு. அதனால் இடுப்புயரப் புல்லுக்குள் ஏதோ சரசரத்ததும், மகளை மறைத்து நிற்கத்தான் பாய்ந்தேன். ஈரமண் வழுக்கிச் சரிவில் சறுக்கி விழுந்தேன். துணி விறைத்தது. அவளையும் இழுத்துவிடுவேனே என்று அலறினேன்.

“முடிச்சை அவுத்துடு, பாப்பா!”

அவள் அவிழ்க்கவில்லை. பக்கத்து மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அப்பா, உங்க புலி கொக்கரிக்குது!”

புல்லிலிருந்து ஒரு காட்டுக்கோழி நிதானமாக வெளியே வந்து என்னை எட்டிப் பார்த்தது. துணியைப் பற்றித் தவழ்ந்து மேலே ஏறினேன்.

வீட்டு வாசலில் என் மனைவி, சேறான தலைப்பாகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பிள்ளையப் பத்திரமாக் கூட்டிட்டு வந்தீங்களா?”

“நான்தாம்மா கூட்டிட்டு வந்தேன்,” என்றாள் மகள்.

இன்றும் எங்காவது கோழி கொக்கரித்தால், என் கை இடுப்பில் முடிச்சைத் தேடுகிறது.