இன்னொருவர் பெயரில் ஒரு பள்ளிக்கூடம்

என் கணவர் சம்பள வேலையை விட்டுவிட்டுத் தானே கட்டட கான்ட்ராக்ட் எடுக்கலாம் என்று முடிவு செய்தபோது, எங்களுக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அவர் பாலிடெக்னிக்கில் சிவில் முடித்துவிட்டு, ஊரில் பெரிய கான்ட்ராக்டர் ஒருவரிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தார். நான் பி.காம். படித்தவள். பரீட்சை முடிந்த கையோடு கல்யாணம், அதோடு அடுப்படி.

கல்வராயன் மலைமேல் ஒரு கிராமத்துக்குப் பள்ளிக்கூடக் கட்டடம் வரப்போகிறது என்று அவருக்குத் தெரியவந்தது. அதுவரை அங்கே பிள்ளைகள் கூரைக்கொட்டகையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். சின்ன வேலை என்பதால் பெரிய ஆட்கள் மலையேறிப் போட்டி போட மாட்டார்கள். புதிதாக ஆரம்பிக்கிறவனுக்கு ஏற்ற வேலை. ஆனால் டெண்டர் போட அரசாங்கக் கான்ட்ராக்டர் என்ற பதிவு வேண்டும். சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்து அதன் பெயரில் பதிவு வாங்கலாம். இல்லையென்றால், ஏற்கெனவே பதிவு வைத்திருக்கிற ஒருவர் பெயரில் வேலையை எடுத்து, அவருக்குப் பங்கு கொடுத்துவிட்டுச் செய்யலாம்.

இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் இரண்டு பேரும் பஸ் ஏறி விழுப்புரத்தில் ஒரு ஆடிட்டரிடம் போனோம். ஆடிட்டர் வயதானவர், பொறுமையாகச் சொன்னார்.

"பிரைவேட் லிமிடெட்னா அது ஒரு தனி ஆள் மாதிரிம்மா. நஷ்டம் வந்தா அதோட நிக்கும், உங்க வீடு வாசலுக்கு வராது. ஆனா வருஷா வருஷம் கணக்கு ஒப்படைக்கணும். செலவு உண்டு, அலைச்சல் உண்டு."

"எத்தினி பேரு வேணுங்க?" என்று இவர் கேட்டார்.

"ரெண்டு பேர் போதும். அதான் ரெண்டு பேரும் வந்திருக்கீங்களே. பி.காம். படிச்ச பொண்ணு, டைரக்டரா இருக்கட்டும்."

திரும்பி வரும் வழியெல்லாம் டைரக்டர் என்ற அந்த ஒரு வார்த்தை என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கம்பெனிக்குக் கோமுகி ஆற்றின் பெயரையே வைத்துவிடலாம் என்று மனசுக்குள் முடிவுகூடச் செய்துவிட்டேன்.

இவருடைய முதலாளிக்கு எப்படியோ சேதி போய்விட்டது. அந்த வாரமே வீட்டுக்கு வந்தார். எங்களிடம் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தபடி பேசினார்.

"கம்பெனி கிம்பெனின்னு இன்னாத்துக்குப்பா இப்பவே? டெபாசிட் கட்டணும், ஆபீஸ் ஆபீஸா நிக்கணும். உனக்கு அங்க யாரத் தெரியும்? எம் பேருல போடு. பில்லு வந்தா எம் பங்க எடுத்துக்கினு மிச்சத்தக் குடுத்துர்றேன். எது வந்தாலும் எங் குடைக்குள்ள நிக்கிற. இன்னா சொல்ற?"

கெட்ட எண்ணத்தோடு சொன்னார் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. அவருக்கு அது பத்தோடு பதினொன்று.

அவர் போனபிறகு நான் விடவில்லை. "வேல செய்யறது நீங்க. பேரு மட்டும் அவுருதாங்க?"

"பேரு இன்னா சோறா போடும்? மொத வேல மட்டும் அவுரு பேருல. அடுத்தது நம்ம பேருல செஞ்சுக்கலாம். நீ எங்க போயிடப் போற, டைரக்டரு?"

அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பேச்சு அதோடு முடிந்தது. இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம்.

வேலை கிடைத்தது. கச்சிராயபாளையம் தாண்டி அடிவாரம் வரைக்கும் லாரி வரும். அதற்குமேல் டிராக்டர், கடைசியில் தலைச்சுமை. மலைக்காரப் பெண்கள் ஓடையிலிருந்து மணலைக் கூடையில் சுமந்து வந்தார்கள். நான் ஒருமுறை கூடப் போய்ச் சில நாள் தங்கினேன். கடைக்கால் எழும்பி, சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. பிள்ளைகளுக்குக் காற்று வர, ஜன்னலை எல்லாம் மேற்கே பார்க்க வைக்கப்போவதாக அவர் சொன்னார். சாயங்காலம் வேலை முடிந்ததும் பிள்ளைகள் அந்தச் சுவருக்குள்ளே புகுந்து, இது ஒண்ணாப்பு, இது ரெண்டாப்பு என்று தாங்களாகவே பிரித்துக்கொண்டு விளையாடுவார்கள். அவர் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முகத்தை அப்படி நான் அதற்குப்பிறகு பார்த்ததில்லை.

அது இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிச் சனங்கள் தெருவுக்கு வந்திருந்த காலம். முதலில் கூட்டம், ஊர்வலம் என்று நடந்தது. அப்புறம் சாலை மறியல். ஒரு வாரம் முழுக்க மறிக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, மேற்கொண்டு சுவருக்கும் கூரைக்கும் வேண்டிய சிமெண்ட் லோடு அரியலூர்ப் பக்கமிருந்து கிளம்பிவிட்டிருந்தது. அந்த நாளில் திருப்பிக் கூப்பிடப் போன் ஏது?

உளுந்தூர்பேட்டைக்கு முன்னாலேயே லாரி மாட்டிக்கொண்டது. ரோட்டோரப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். இவர் சைக்கிளில் தேடிப்போனார். மறிப்பவர்களின் நடுவில் இவருடைய சொந்தத் தம்பியே நின்றிருந்தான். அங்கே நடந்ததை அவன்தான் பிற்பாடு எனக்குச் சொன்னான்.

"அண்ணே, நம்ம லோடா? ஒரு வார்த்த சொல்லு, மரத்த நவுத்திச் சந்துல வுட்டுர்றோம்."

இவர் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தாராம். அழுகிக்கொண்டிருந்த காய்கறி லாரிகள். பிள்ளைகளை இறக்கி நடக்கவைத்துக்கொண்டிருந்த பஸ் சனங்கள்.

"அவங்க எல்லாரும் நிக்கறப்போ நம்மது மட்டும் போனா நல்லாருக்காதுடா. வேணாம்."

சொல்லிவிட்டுத் தம்பியோடு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வேறு ஊர்களிலிருந்து துப்பாக்கிச் சூடு என்றும் சாவு என்றும் சேதி வந்துகொண்டிருந்தது. வீட்டில் நான் சோறு பொங்கிவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். நடுவில் இரண்டு நாள் நல்ல மழை. லாரியின் படுதா பழையது.

வழி திறந்து லோடு அடிவாரத்துக்கு வந்தபோது அவர் ஒவ்வொரு மூட்டையாக விரலால் அழுத்திப் பார்த்தாராம். பெரும்பாலானவை கல்லாக இறுகிவிட்டிருந்தன. அதைக்கூடத் தாங்கியிருப்போம். வேலை முடிக்கவேண்டிய கெடுதான் நெருங்கியிருந்தது. மறியலால் தாமதமான வேலைகளுக்கு, எழுதிக் கேட்டவர்களுக்கெல்லாம் ஆபீசில் கெடு நீட்டித்தார்கள். எழுதிக் கேட்க வேண்டியது பெயருக்கு உரியவர்.

முதலாளி எழுதினார். தன்னுடைய பெரிய வேலைகளுக்கு எழுதினார். எங்களுடையதை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறார், பிறகு மறந்துபோனார். கெடு தாண்டியதும் இவரே ஆபீசுக்குப் போனார். அங்கிருந்த என்ஜினியர் மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்க யாருங்க? இந்த வேலைல உங்க பேரே இல்லீங்களே. நீங்க எழுதிக் குடுத்தா நான் வாங்க முடியாதுங்க."

கெடு தாண்டிய வேலையை இனி இழுக்க முடியாது என்று முதலாளி அதை வேறொரு ஆளிடம் கொடுத்து முடித்துக்கொண்டார். "வுடுப்பா, வேற வேல தர்றேன்" என்று சொன்னார். சொன்னபடி தரவும் செய்தார். கம்பெனிப் பேச்சை நான் மறுபடி எடுத்தபோது கையில் குழந்தை இருந்தது. போட முதல் இல்லை. அடுத்தது, அடுத்தது என்று பல வருஷம் முதலாளியின் நிழலிலேயே போய்விட்டது. சங்கராபுரம் பக்கம் இவர் எத்தனையோ கட்டடம் கட்டினார். கடைசியாகச் சொந்தப் பதிவுக்கு எழுதிப்போட்டபோது, பெரிய வேலை எடுக்கும் மேல்வகுப்புக்கு முன்அனுபவச் சான்று கேட்டார்கள். அவர் கட்டிய எதுவும் அவர் பெயரில் இல்லை. தலை நரைத்த மனுஷன், நேற்றுப் படித்து முடித்த பையன்களோடு சேர்ந்து கான்ட்ராக்டர்களில் கடைசி வகுப்பில் பதிந்துகொண்டார். சாக்கடை, சுற்றுச்சுவர் என்று கொஞ்ச காலம் செய்துவிட்டு விட்டுவிட்டார்.

கம்பெனி வைத்திருந்தால் ஓஹோ என்று இருந்திருப்போம் என்று சொல்லமாட்டேன். அந்த மழை எங்கள் கம்பெனியின் சிமெண்டையும் நனைத்திருக்கும். ஆனால் கெடு கேட்டு ஒரு கையெழுத்துப் போட அவருக்கு உரிமை இருந்திருக்கும். அவர் இல்லாத நேரத்தில் நான் போட்டிருப்பேன்.

அந்த மறியலை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. போராடி வாங்கிய ஒதுக்கீட்டில்தான் எங்கள் பையனுக்கு என்ஜினியரிங் சீட் கிடைத்தது. "ரோட்டுல குந்துனதுக்கு நான் வருத்தப்படல" என்று அவரே சொல்வார். எதற்கு வருத்தப்படுகிறார் என்று நான் கேட்டதில்லை.

மலைக்கு மட்டும் அவர் மறுபடி வரவே இல்லை. பல வருஷம் கழித்து, பக்கத்து வீட்டாரோடு பெரியார் அருவிக்குப் போகலாம் என்று கூப்பிட்டேன். முட்டி வலிக்குது என்றார். நான் போய்வந்தேன். வழியில் அந்தக் கிராமத்தில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வெளியே ஓடி வந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன்.

"ஜன்னலு எல்லாம் மேக்கால பாக்கத்தான வெச்சிருக்கான்?" என்று கேட்டார்.

நான் கவனிக்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.